கடலின் காற்றும் தோட்டத்தின் மழையும்



ஆண்டின் கடைசி மாதங்களில் வானொலிச் செய்தியோடு ஓர் அறிவிப்பையும் நாம் கேட்டிருப்போம். கிளந்தான், திரங்கானு கடற்பகுதியில் வடகிழக்குக் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசும், அலைகள் மூன்றரை மீட்டர் வரை எழும், சிறு படகுகளுக்கு ஆபத்து என்று அது சொல்லும். அதைக் கேட்டதும் நம் வீடுகளில் பலர் வானொலியின் குமிழைத் திருப்பிவிடுவார்கள். "நாம் என்ன கப்பலா ஓட்டுகிறோம்? கடல் எங்கே, நம் தோட்டம் எங்கே?" என்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம் தோட்டத்தில் பெய்யும் மழையில் பெரும்பகுதி கடலிலிருந்து வருவது. காலையில் மரம் சீவ முடியுமா, மங்கில் விழுந்த பால் மழைநீர் கலந்து வீணாகுமா, ஆற்றோரத்து வீடுகளில் வெள்ளம் புகுமா, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தீவுக்கு அழைத்துப் போகலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதிலின் ஒரு பாதி கடலின் மேல்தான் இருக்கிறது. ஆகவே கடல் வானிலை அறிவிப்பை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை இன்று நாம் சேர்ந்து பார்ப்போம்.

முதலில் காற்றின் பெயர். வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கை நோக்கிப் போகும் காற்று என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, வடகிழக்கிலிருந்து வரும் காற்று என்பதே பொருள். இது நமக்குப் புதியதும் அல்ல. நம் முன்னோர் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் அழைத்தார்கள். வருகிற திசையை வைத்தே காற்றுக்குப் பெயரிட்டார்கள். வானிலை அறிவிப்பாளரும் அதையேதான் செய்கிறார்.

மலேசியாவுக்கு இரண்டு பெரிய பருவக்காற்றுகள் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மே மாதக் கடைசி அல்லது ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் காற்று இலேசாகவும் திசை மாறி மாறியும் வீசும். பிற்பகலில் இடியும் மழையும் மிகுதி.

வடகிழக்குக் காற்று எப்படிப் பிறக்கிறது? ஆண்டின் இறுதியில் சைபீரியா, வட சீனா போன்ற பெருநிலப் பகுதிகள் கடுங்குளிரில் உறைகின்றன. குளிர்ந்த காற்று கனமானது. அது அங்கே குவிந்து அழுத்தம் மிகுகிறது. தெற்கே கடலும் நிலமும் வெப்பமாக இருப்பதால் அழுத்தம் குறைவு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோல், அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று பாய்கிறது. பூமி சுழல்வதால் அதன் வழி வளைந்து, தென்சீனக் கடலில் வடகிழக்கிலிருந்து வருகிறது. புறப்படும்போது அது வறண்ட காற்று. வழிநெடுகிலும் வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கிளந்தான், திரங்கானு, பகாங், கிழக்கு ஜொகூர் கரையை எட்டும்போது நீர் நிறைந்த காற்றாகிவிடுகிறது. கரையில் ஏறி மலைகளில் மோதி மேலெழும்போது அந்த நீரைக் கொட்டுகிறது.

இந்தக் காற்று ஐந்து மாதமும் ஒரே சீராக வீசுவதில்லை. வடக்கே குளிர்காற்றின் குவியல் பெருகும்போதெல்லாம் ஒரு வீச்சாகப் புறப்பட்டு வந்து, சில நாள் கடுமையாக வீசி, பிறகு தணியும். அப்படி ஒரு வீச்சு வரும்போதுதான் கடல் கொந்தளிக்கிறது. கிழக்குக் கரையில் நாள் கணக்கில் அடைமழை பிடிக்கிறது. ஆகவே கடலில் காற்று வலுக்கும் என்ற அறிவிப்பு, கிழக்குக் கரைத் தோட்டங்களுக்கு மழை வருகிறது என்ற முன்னறிவிப்பும் ஆகும்.

இனி அலையைப் பற்றிப் பார்ப்போம். சூடான தேநீரை ஆற்றுவதற்காகக் கோப்பையின் மேல் ஊதுகிறோம். மேற்பரப்பில் சிறு சிறு நெளிவுகள் தோன்றுகின்றன. கடலில் நடப்பதும் அதுவே. அலை எவ்வளவு பெரிதாகும் என்பதை மூன்று காரணங்கள் முடிவு செய்கின்றன. காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது என்பது ஒன்று. எவ்வளவு நேரம் வீசுகிறது என்பது இரண்டு. தடையின்றி எவ்வளவு தூரம் நீரின் மேல் வீசுகிறது என்பது மூன்று.

இந்த மூன்றாவது காரணத்தால்தான் நம் நாட்டின் இரு கரைகளும் இரு விதமாக இருக்கின்றன. மலாக்கா நீரிணை ஒடுங்கியது. ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் நம் தீபகற்பம். அங்கே காற்று ஓடி விளையாட இடம் குறைவு. தென்சீனக் கடலிலோ வடகிழக்குக் காற்று 2,000 கிலோமீட்டருக்கு மேல் தடையின்றி ஓடி வருகிறது. ஆகவே மெர்சிங் கரையில் எழும் அலையைப் போர்ட்டிக்சனில் பழகியவர் எதிர்பார்க்கமாட்டார். மேலும், அலை தான் பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் பயணம் செய்யக் கூடியது. நம் கரையில் காற்றே இல்லாமல் வெயில் காயும் நாளிலும், தொலைவில் வீசிய காற்றின் அலை வந்து மோதலாம். வானத்தை மட்டும் பார்த்துக் கடலை எடைபோடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை, கடலில் வீசும் பலத்த காற்றுக்கும் கொந்தளிப்புக்கும் மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. முதலாம் படியில் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர்; அலை 3.5 மீட்டர் வரை. சிறு படகுகளுக்கும் கடல் விளையாட்டுகளுக்கும் இது ஆபத்து. இரண்டாம் படியில் காற்று 50 முதல் 60 கிலோமீட்டர், அலை 4.5 மீட்டர் வரை. மீன்பிடிப்புக்கும் பயணிகள் படகுகளுக்கும் ஆபத்து. மூன்றாம் படியில் காற்று 60 கிலோமீட்டரைத் தாண்டும். அலை இன்னும் உயரும். கப்பல்களுக்கும், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் வேலை செய்வோருக்கும்கூட அது ஆபத்து. "முதலாம் படிதானே" என்று நாம் அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. சுற்றுலாப் போகும் குடும்பம் ஏறுவது பெரும்பாலும் சிறு படகில்தான். அதற்கு முதலாம் படியே போதுமான ஆபத்து.

அந்த அறிவிப்பில் சமூய், தியோமான், பூங்குரான், கொண்டோர், லாயாங் லாயாங், பலாவான் என்று பெயர்கள் வரும். இவை தீவுகளின் பெயர்கள். பரந்த கடலில் ஊரும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. ஆகவே அருகிலுள்ள தீவின் பெயரால் கடற்பகுதிகளை அழைக்கிறார்கள். சமூய் தாய்லாந்தின் தீவு. தியோமான் நம் பகாங்கைச் சேர்ந்தது. பூங்குரான் இந்தோனேசியாவின் நத்துனா தீவுக்கூட்டத்தில் உள்ளது. கொண்டோர் வியட்நாமின் தெற்கே இருப்பது. லாயாங் லாயாங் சபாவுக்கு அப்பால் உள்ளது. பலாவான் பிலிப்பீன்ஸ் நாட்டுத் தீவு. வீட்டில் பிள்ளைகளின் புவியியல் நூல் இருந்தால் இந்தப் பெயர்களைப் படத்தில் தேடச் சொல்லுங்கள். அடுத்த முறை அறிவிப்பு வரும்போது கடல் அவர்கள் கண்முன் விரியும்.

அலையின் உயரம் என்று சொல்லப்படும் எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. அதை வகுப்பறைக் கணக்காகச் சொல்லலாம். ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் மிக உயரமான 10 பேரை மட்டும் நிறுத்தி, அவர்களின் சராசரி உயரத்தைக் கணக்கிடுகிறோம். வானிலை அறிஞர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். அலைகளில் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியையே அலையின் உயரமாகச் சொல்கிறார்கள். அந்தப் பத்துப் பேருக்குள்ளும் சராசரியைவிட உயரமான ஒரு பையன் இருப்பான் அல்லவா? கடலிலோ வேறுபாடு இன்னும் பெரிது. அறிவித்த உயரத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரமுள்ள அலை இடையிடையே எழக்கூடும். இரண்டு மீட்டர் என்று கேட்டால், எப்போதாவது நான்கு மீட்டரையும் எதிர்பார்க்க வேண்டும். படகைக் கவிழ்க்க அப்படிப்பட்ட ஓர் அலை போதும்.

கிழக்குக் கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கெடா, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் தோட்டத்து நேயர்கள், "எங்களுக்கு என்ன?" என்று கேட்பார்கள். அவர்களுக்கும் கடலிலிருந்து வரும் விருந்தாளி ஒருவர் உண்டு. அவர் பெயர் சுமத்ரா.

இரவில் சுமத்ராவின் மலைகளும் நிலமும் குளிர்கின்றன. குளிர்ந்த காற்று நீரிணைக்கு இறங்குகிறது. நம் பக்கத்து நிலத்திலிருந்தும் அவ்வாறே காற்று கடலுக்குச் செல்கிறது. இரண்டும் வெதுவெதுப்பான நீரின் மேல் சந்தித்து, ஈரக்காற்றை மேலே தள்ளுகின்றன. இடிமேகங்கள் ஒரு நீண்ட வரிசையாகத் திரள்கின்றன. தென்மேற்குக் காற்று அந்த வரிசையை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் இது நேரலாம். கரையை எட்டும் நேரம் பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்னும் காலை வேளையும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் திடீரென்று அடிக்கும், ஓரிரு மணி நேரம் மழை கொட்டும், பிறகு ஓயும்.

நேரத்தைக் கவனியுங்கள். நம் சகோதர சகோதரிகள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிற நேரம் அதுதான். மேற்கு வானம் ஒரு கறுப்புச் சுவர்போல் எழும்பி, திடீரென்று குளிர்ந்த காற்று வீசினால், இன்னும் பத்து மரம் சீவிவிட்டுப் போகலாம் என்று நிற்கக் கூடாது. முதிர்ந்த பால்மரம் பலத்த காற்றில் எளிதில் முறியும். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் நாம் இருக்கிறோம் என்று பொருள். மரத்தடியை விட்டு விலகி, உறுதியான கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வருவது நல்லது. ஒரு நாள் பாலைவிட உயிர் பெரிது.

இனி புயலுக்கு வருவோம். நம் பாட்டன் பாட்டிமாரில் பலர் நாகப்பட்டினத்தில் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி, வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்கில் வந்து இறங்கியவர்கள். அந்தக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எழுவது வழக்கம். ஆனால் இங்கே வந்த பின் அவர்கள் அப்படிப்பட்ட புயலைக் காணவில்லை. ஏன்? புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி துணை செய்ய வேண்டும். அந்தத் துணை பூமத்திய ரேகைக்கு அருகில் மிகக் குறைவு. அதனால் ரேகையிலிருந்து ஏறத்தாழ 5 பாகைக்குள் புயல் உருவாவது அரிது. மலேசியா ஏறக்குறைய 1 பாகையிலிருந்து 7 பாகைக்குள் அமைந்திருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கிறது.

பெரும்பாலும் என்று சொன்னோம். எப்போதும் என்று சொல்லவில்லை. 1996 டிசம்பர் 26-ஆம் நாள் கிரெக் என்னும் புயல் சபாவைத் தாக்கியது. கெனிங்காவ் வட்டாரத்தில் வெள்ளத்திலும் சேற்றிலும் சிக்கி 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001 டிசம்பர் 27-ஆம் நாள் வாமெய் என்னும் புயல் தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. அது உருவான இடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகை மட்டுமே. அவ்வளவு அருகில் ஒரு புயல் உருவானதை அதற்குமுன் எவரும் பதிவு செய்ததில்லை. வடக்கிலிருந்து வந்த கடும் காற்று வீச்சும், போர்னியோவுக்கு அருகில் அடிக்கடி தோன்றும் ஒரு காற்றுச் சுழலும் அந்த ஒடுங்கிய கடலில் கூடியதே காரணம்.

கடலின் கோபம் கிழக்குக் கரையோடு நின்றுவிடும் என்ற நம்பிக்கையையும் 2021-ஆம் ஆண்டு கலைத்தது. அவ்வாண்டு டிசம்பர் நடுவில் தென்சீனக் கடலிலிருந்து வந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு, தீபகற்பத்தைக் கடந்து மேற்குக் கரை வரை மழையைக் கொண்டுவந்தது. ஷா ஆலாமும் கிள்ளானும் உலு லங்காட்டும் நீரில் மூழ்கின. நாட்டில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தோட்டத்தைவிட்டு வந்து அந்தப் பகுதிகளில் குடியேறிய நம்மவர் குடும்பங்கள் பல உண்டு. கடல் எங்கே, நாம் எங்கே என்ற கேள்விக்கு அந்த வெள்ளமே விடை சொல்லிவிட்டது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. கடல் கொந்தளிப்பு என்றதும் சிலர் சுனாமி என்று அஞ்சுகிறார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் பினாங்கு, கெடா கரைகளைத் தாக்கிய சுனாமி காற்றால் எழுந்ததன்று. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்தது. அதற்கான எச்சரிக்கை வேறு. காற்றுக்கும் அலைக்குமான எச்சரிக்கை வேறு.

கடலில் நாளை நடக்கப்போவதை எப்படி இன்றே சொல்கிறார்கள்? இந்த முயற்சிக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்னும் கப்பல் தலைவர். 1859-இல் ராயல் சார்ட்டர் என்னும் கப்பல் புயலில் உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தந்திக் கம்பி இருக்கும்போது ஓர் ஊரில் அடிக்கும் புயலை அடுத்த துறைமுகத்துக்கு ஏன் முன்கூட்டியே அறிவிக்கக் கூடாது என்று அவர் எண்ணினார். 1861-இல் தந்தி வழியே புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். செய்தி புயலைவிட வேகமாகப் போக வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. வானொலி செய்வதும் அதே வேலைதான்.

இன்று ஜப்பானின் ஹிமாவாரி போன்ற துணைக்கோள்கள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நின்று, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மேகங்களைப் படம் பிடிக்கின்றன. வேறு சில துணைக்கோள்கள் கடற்பரப்பின் சொரசொரப்பை அளந்து காற்றின் வேகத்தைக் கண்டறிகின்றன. கப்பல்களும், நீரில் மிதக்கும் கருவிகளும் தகவல் தருகின்றன. இவற்றையெல்லாம் கணினியில் இட்டு, வரும் நாள்களின் நிலையைக் கணக்கிடுகிறார்கள்.

இருந்தும் நம் வெப்பமண்டலக் கடலில் ஒரு சிக்கல் உண்டு. வடகிழக்குக் காற்றின் பெருவீச்சைச் சில நாள் முன்பே சொல்ல முடிகிறது. தனித்தனி இடிமேகமோ ஒரு மணி நேரத்தில் எழுந்து மறு மணியில் மறைந்துவிடும். எந்தத் தோட்டத்தில் எத்தனை மணிக்கு என்று அதைக் கூற முடியாது. ஆகவே ஒரு முறை கேட்டால் போதாது. புறப்படுமுன் மீண்டும் கேட்க வேண்டும்.

ஓராண்டு இறுதி விடுமுறையில் நம் தோட்டத்தார் பிள்ளைகளைக் கிழக்குக் கரைத் தீவு ஒன்றுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தோம். பேருந்தில் இரவெல்லாம் பயணம் செய்து படகுத் துறையை அடைந்தபோது, முதலாம் படி எச்சரிக்கை நடப்பில் இருந்தது. வானமோ வெளுத்திருந்தது. படகுக்காரர், "போகலாம், பயமில்லை" என்றார். பெற்றோரிடையே வாக்குவாதம் எழுந்தது. வயதான அம்மா ஒருவர், "கட்டிய பணம் போனால் மறுபடி சம்பாதிக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் அதை முடித்துவைத்தார். கரையில் மரநிழலிலேயே புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். அன்று மாலை வரை கடல் பெரிதாகப் பொங்கவில்லை. முன்பணமும் திரும்பவில்லை. "பார்த்தீர்களா, சும்மா பயமுறுத்தினார்கள்" என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

அந்த முணுமுணுப்புக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். எச்சரிக்கை என்பது சோதிடம் அன்று. ஆபத்து நேரும் வாய்ப்பு மிகுந்துள்ளது என்பதே அதன் பொருள். பூட்டிய வீட்டில் அன்றிரவு திருடன் வரவில்லை என்பதற்காகப் பூட்டு வீண் என்று யாரும் சொல்வதில்லை.

நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில. கடல் அறிவிப்பைக் கேட்கும்போது எந்தப் பகுதி, எந்தத் திசைக் காற்று, எவ்வளவு வேகம், எந்த நாள் வரை என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரைத் தீவுப் பயணத்தைத் தவிர்ப்பது நலம். எந்த மாதமானாலும், படகில் ஏறுமுன் பிள்ளை முதல் பெரியவர் வரை ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள். கடலில் காற்று வலுக்கும் அறிவிப்போடு தொடர்மழை எச்சரிக்கையும் வந்தால், ஆற்றோரத்தில் குடியிருப்போர் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து ஆகியவற்றை ஒரு பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். கடல் பெருக்கெடுக்கும் நேரத்தில் ஆற்று வெள்ளம் எளிதில் வடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

அலை ஓய்ந்து கடலாட முடியுமா என்பது பழமொழி. வாழ்க்கைத் துன்பங்கள் தீரட்டும் என்று காத்திருந்தால் ஒரு காரியமும் நடக்காது என்பதற்காகச் சொன்னது அது. உண்மையான கடலுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. அங்கே அலை ஓயும்வரை காத்திருப்பதே அறிவு. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வானொலியில் அந்த அறிவிப்பு வருகிறது. அது முடியும் வரை குமிழைத் திருப்பாமல் இருப்போம்.